அண்டைத் தொகுதியைக் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னால் கொண்டுவாருங்கள்

கல்லூரிகளில் கரிம வேதியியல் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களுக்கு,

கருக்கவர் பதிலீட்டு வினைகளை நாம் கற்பிக்கும் வரிசை பெரும்பாலும் ஒன்றேதான். வழிகள் இரண்டு: எஸ்என்-1, எஸ்என்-2. முதலாவதில் வேகம் ஆல்கைல் ஹாலைடின் செறிவை மட்டும் சார்ந்திருக்கும். இரண்டாவதில் கருக்கவர் பொருளின் செறிவையும் சேர்த்துச் சார்ந்திருக்கும். முதலாவது ரசிமிக் கலவையைத் தரும், இரண்டாவது புறவெளி அமைப்பைத் தலைகீழாக்கும். மூவிணையக் கார்பன் முதல் வழியில் போகும், ஓரிணையக் கார்பன் இரண்டாவது வழியில் போகும். இந்த வரிகள் ஓர் அட்டவணையாகக் கரும்பலகையில் ஏறி, அங்கிருந்து குறிப்பேட்டுக்கும், குறிப்பேட்டிலிருந்து விடைத்தாளுக்கும் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. அண்டைத் தொகுதிப் பங்கேற்பு இளங்கலை வகுப்பில் தலைகாட்டுவது அரிது. முதுகலையில் வரும்போதும் அலகின் கடைசியில், தேர்வு நெருங்கிவிட்ட நாட்களில், புரோமோனியம், ஃபீனோனியம், நார்போர்னைல் என்று ஒரு பெயர்ப்பட்டியலாக வந்து போகிறது. மாணவர் அதை விதிவிலக்குகளின் தொகுப்பு என்று எண்ணி மனப்பாடம் செய்துகொள்கிறார். இந்த வரிசையை மாற்றுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். எஸ்என்-1, எஸ்என்-2 இரண்டையும் சொல்லி முடித்த அடுத்த வகுப்பிலேயே அண்டைத் தொகுதி வரவேண்டும். விதியாக வராமல், விளக்கம் கேட்டு நிற்கும் சோதனை முடிவுகளாக வரவேண்டும். ஒரு வினைவழிமுறையை எதைக் கொண்டு நம்புகிறோம் என்பதை இளம் மாணவருக்குக் காட்ட, கரிம வேதியியலில் இதைவிடத் தெளிவான இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில் ஒரு நஞ்சை எடுத்துக்கொள்வோம். 1917 ஜூலையில் பெல்ஜியத்தின் ஈப்ர நகருக்கு அருகே ஜெர்மானியப் படை போர்க்களத்தில் இறக்கிய கடுகு வாயுவின் மூலக்கூறு மிக எளிமையானது. நடுவில் ஒரு கந்தக அணு, அதன் இருபுறமும் ஒவ்வொரு குளோரோஎத்தில் தொகுதி. குளோரின் அமர்ந்திருப்பது ஓரிணையக் கார்பனில். நம் அட்டவணைப்படி இது எஸ்என்-2 வழியில் போகவேண்டும். காரத்தைக் கூட்டினால் நீராற்பகுப்பு வேகமெடுக்க வேண்டும். ஆனால் நீரில் கரைந்துவிட்ட கடுகு வாயு, காரம் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும், சில நிமிடங்களில் ஒரே வேகத்தில் சிதைகிறது. குளோரைடு உப்பைச் சேர்த்தால் வேகம் குறைகிறது. பார்ட்லெட்டும் ஸ்வைனும் 1949இல் வெளியிட்ட வினைவேக ஆய்வு இதை விரிவாகக் காட்டியது. ஒரே ஒரு பொருளைச் சார்ந்த வேகம், வெளியேறிய அயனியையே திரும்பச் சேர்த்தால் தடைபடும் வேகம் இரண்டையும் பார்த்தால் அட்டவணை எஸ்என்-1 என்று சொல்கிறது. அப்படியானால் நீரில் ஓர் ஓரிணையக் கார்பன் நேரயனி தனியே உருவாகிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதை நாமே முந்தைய வகுப்பில் நடவாது என்று சொல்லியிருக்கிறோம். கந்தகத்தின் இடத்தில் ஆக்சிஜனை வைத்தால் அந்த ஈதர் ஆயிரக்கணக்கான மடங்கு மந்தமாகிவிடுகிறது என்பதையும் இதனோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். குளோரின் இருக்கும் கார்பனில் எதுவும் மாறவில்லை. இரண்டு கார்பன் தள்ளியிருக்கும் அணு மட்டுமே மாறியிருக்கிறது.

இந்த முரண்பாட்டை மாணவர் முன் வைத்துவிட்டுச் சற்று நேரம் அப்படியே விடவேண்டும் என்பதே என் முதல் வேண்டுகோள். விடை அவருக்குத் தெரிந்த கருத்துகளுக்குள்ளேயே இருக்கிறது. கந்தகத்திடம் பிணைப்பில் சேராத எலக்ட்ரான் இணை உண்டு. அது குளோரினுக்கு நேர் பின்புறமாக வந்து தாக்கமுடியும். குளோரைடு வெளியேற, மூன்று உறுப்பு வளையம் கொண்ட சல்ஃபோனியம் அயனி உருவாகிறது. மெதுவான படி இதுதான். அது ஓர் எஸ்என்-2 தாக்குதல்தான் என்றாலும் தாக்குபவரும் தாக்கப்படுபவரும் ஒரே மூலக்கூறுக்குள் இருப்பதால் வேகம் அந்த ஒரு பொருளின் செறிவை மட்டும் காட்டுகிறது. இறுக்கத்தோடு நிற்கும் வளையத்தை நீர் பிறகு விரைந்து திறக்கிறது. குளோரைடு மிகுந்திருந்தால் அதுவும் வளையத்தைத் திறந்து பழைய சேர்மத்தையே மீட்டுத் தருகிறது. வேகம் குறைவது அதனால்தான். இதை ஒருமுறை தாமே கண்டுகொண்ட மாணவர், வினைப்படி ஒன்று என்றால் எஸ்என்-1 என்று இனி கண்ணை மூடிக்கொண்டு எழுதமாட்டார். வேகச் சமன்பாடு மெதுவான படியில் யார் இருக்கிறார்கள் என்பதை மட்டுமே சொல்கிறது. அவர்கள் எப்படி இணைகிறார்கள் என்பதைச் சொல்வதில்லை. நம் அட்டவணை இந்த வேறுபாட்டை மறைத்துவிடுகிறது.

வேகம் ஒரு சாட்சி என்றால் புறவெளி அமைப்பு அதைவிடக் கூர்மையான சாட்சி. சால் வின்ஸ்டைனும் ஹோவர்ட் லூகாஸும் 1939இல் வெளியிட்ட சோதனையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். 3-புரோமோ-2-பியூட்டனாலை அடர் ஹைட்ரோபுரோமிக் அமிலத்தோடு வினைப்படுத்தினால் ஹைட்ராக்சில் தொகுதியின் இடத்தில் புரோமின் வந்து 2,3-டைபுரோமோபியூட்டேன் கிடைக்கிறது. தொடக்கப் பொருளுக்கு எரித்ரோ, த்ரியோ என்று இரண்டு வடிவங்கள். விளைபொருளுக்கு மீசோ ஒரு வடிவம், ஒன்றுக்கொன்று ஆடிபிம்பமான இணை இன்னொரு வடிவம். நீர் வெளியேறும் கார்பனில் நேரடித் தலைகீழாதல் நடந்திருந்தால் எரித்ரோ ஆடிபிம்ப இணையையும், த்ரியோ மீசோவையும் தந்திருக்க வேண்டும். தனித்த கார்பன் நேரயனி உருவாகியிருந்தால் இரண்டு தொடக்கப் பொருள்களிலிருந்தும் இரண்டு விளைபொருள்களும் கலந்து வந்திருக்க வேண்டும். கிடைத்தது வேறு. எரித்ரோ மீசோவை மட்டுமே தந்தது; த்ரியோ ஆடிபிம்ப இணையை மட்டுமே தந்தது. அதாவது புறவெளி அமைப்பு மாறவே இல்லை. இந்த இடத்தில் மாணவர் ஒரு நியாயமான ஐயத்தை எழுப்பலாம்: புதிய புரோமைடு அயனி நீர் வெளியேறிய அதே பக்கத்திலிருந்தே வந்து அமர்ந்திருக்கக் கூடாதா? அப்படி வந்தாலும் அமைப்பு மாறாதுதானே?

அந்த ஐயத்துக்கு விடை சொல்லும் சோதனையையும் அவர்கள் அதே ஆண்டில் வெளியிட்டார்கள். ஒளிசுழற்றும் த்ரியோ புரோமோஹைட்ரினை, அதாவது இரண்டு ஆடிபிம்பங்களில் ஒன்றை மட்டும் எடுத்து வினைப்படுத்தினார்கள். முன்பக்கத் தாக்குதல் நடந்திருந்தால் விளைபொருளும் ஒளியைச் சுழற்றியிருக்க வேண்டும். அது சுழற்றவில்லை, ஆடிபிம்பங்கள் இரண்டும் சம அளவில் வந்தன. ஒரு பக்கம் பார்த்தால் அமைப்பு முழுமையாகக் காக்கப்பட்டிருக்கிறது, ஏனென்றால் மீசோ வரவில்லை. இன்னொரு பக்கம் ஒளிசுழற்சி முழுமையாகப் போய்விட்டிருக்கிறது. இந்த இரண்டு செய்திகளையும் ஒருசேர விளக்கும் இடைநிலை ஒன்றுதான்: அருகிலிருந்த புரோமின் பின்புறமாக வந்து நீரை வெளியேற்றி, இரண்டு கார்பன்களையும் இணைத்து நிற்கும் வளைய புரோமோனியம் அயனி. த்ரியோவிலிருந்து வரும் புரோமோனியம் அயனியில் இரண்டு மெத்தில் தொகுதிகளும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. அதன் நடுவே ஒரு சமச்சீர்த் தளம் ஓடுகிறது. வெளியிலிருந்து வரும் புரோமைடு இடக்கார்பனைத் தாக்கினால் ஓர் ஆடிபிம்பம், வலக்கார்பனைத் தாக்கினால் மற்றது. இரண்டுக்கும் வாய்ப்பு சமம். ராபர்ட்ஸும் கிம்பாலும் 1937இல் ஆல்கீன்களுடன் புரோமின் சேரும் வினையை விளக்க முன்வைத்த வளைய அயனிக்குப் பதிலீட்டு வினையிலிருந்து கிடைத்த வலுவான சான்று இது. கண்ணால் காணமுடியாத, பிரித்தெடுக்கப்படாத ஓர் அயனியின் வடிவத்தை, வெறும் விளைபொருள்களைக் கொண்டு இவ்வளவு துல்லியமாகச் சொல்லமுடிந்திருக்கிறது. கரிம வேதியியலின் அறிவழகு என்று நான் எதையாவது சுட்டவேண்டுமென்றால் இதைத்தான் சுட்டுவேன். இதை ஒரு வரி விதியாகச் சுருக்கி மாணவரிடம் தருவது அவருக்கு ஏற்படுத்தும் பெரிய இழப்பு.

இளங்கலைப் புத்தகங்கள் எல்லாவற்றிலும் எஸ்என்-2 பாடத்தின் வாசலில் நிற்கும் பெயர் பால் வால்டன். 1896இல் ரீகா நகரில் அவர் மாலிக் அமிலத்தையும் குளோரோசக்சினிக் அமிலத்தையும் ஒன்றை மற்றொன்றாக மாற்றி, ஓர் ஆடிபிம்பத்திலிருந்து மற்றதற்குப் போகமுடியும் என்று காட்டினார். தலைகீழாதலுக்கு அவர் பெயரையே சூட்டிவிட்டோம். ஆனால் அவருடைய சுழற்சியில் எல்லாப் படிகளும் தலைகீழானவை அல்ல என்பதை வகுப்பில் சொல்கிறோமா? பாஸ்பரஸ் பென்டாகுளோரைடு படியில் அமைப்பு தலைகீழாகிறது. அதே குளோரோசக்சினிக் அமிலத்தைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒருவகை மாலிக் அமிலமாகவும், ஈர வெள்ளி ஆக்சைடு அதன் ஆடிபிம்பமாகவும் மாற்றின. ஒரே தொடக்கப் பொருள், ஒரே பதிலீடு, எதிரெதிர் விளைபொருள்கள். ஒன்று தலைகீழாதல் என்றால் மற்றது அமைப்பு மாறாமை. இந்தப் புதிர் நாற்பது ஆண்டுகள் வேதியியலாளர்களைத் தூங்கவிடவில்லை. 1937இல் கவுட்ரி, ஹியூஸ், இங்கோல்ட் குழுவினர் 2-புரோமோபுரோப்பியானிக் அமிலத்தை எடுத்துக்கொண்டு இதே மாதிரி ஒன்றைத் தெளிவாக்கினார்கள். அடர்காரத்தில் ஹைட்ராக்சைடு நேரடியாகப் பின்புறம் தாக்குகிறது, அமைப்பு தலைகீழாகிறது. நீர்த்த காரத்தில் ஹைட்ராக்சைடு குறைவு. அப்போது பக்கத்துக் கார்பாக்சிலேட் தொகுதியே முந்திக்கொண்டு பின்புறம் வந்து புரோமைடை வெளியேற்றுகிறது. அதன்பின் நீர் வந்து அந்தக் கார்பாக்சிலேட்டை வெளியேற்றுகிறது. இரண்டு தலைகீழாதல்கள் சேர்ந்து பழைய அமைப்பையே தருகின்றன. ஆகவே அண்டைத் தொகுதியை விட்டுவிட்டு வால்டனைச் சொல்வது, அவர் கண்டதில் பாதியை மறைத்துச் சொல்வதாகும். அது விதிவிலக்கு என்று ஒதுக்கிவைக்கப்பட வேண்டிய செய்தி அன்று. எஸ்என்-2 வரலாற்றின் தொடக்கப் பக்கத்திலேயே இருந்த செய்தி.

இங்கே முதல் ஆட்சேபம் எழும். இளங்கலை மாணவருக்கு இரண்டு வழிகளைப் பிரித்தறிவதே கடினமாக இருக்கிறது. அதற்குள் மூன்றாவதையும் கொண்டுவந்தால் குழம்பிவிடுவார் என்று உங்களில் பலர் சொல்வீர்கள். இந்தக் கவலை உண்மையானது. ஆனால் மூன்றாவது வழி என்று ஒன்று இங்கே இல்லவே இல்லை. அமைப்பு மாறாமை என்பது எஸ்என்-2 இரண்டு முறை நடப்பதன் கூட்டு விளைவு மட்டுமே. பின்புறத் தாக்குதல் என்ற ஒரே கருத்தை மாணவர் உண்மையாகவே புரிந்துகொண்டிருக்கிறாரா என்று சோதிக்க இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. குழப்பம் வருவது கருத்துகள் கூடுவதால் அன்று. அட்டவணையில் அடங்காத உண்மை பிறகு எங்கோ ஒரு தேர்வில் காரணமின்றி எதிரே வந்து நிற்பதால்தான். இதற்குக் கூடுதல் ஆய்வகமோ கருவியோ தேவையில்லை. பந்தும் குச்சியும் கொண்ட மாதிரிப் பெட்டி ஒன்று போதும். த்ரியோ, எரித்ரோ வடிவங்களைக் கையில் கட்டி, ஒரு பிணைப்பைச் சுழற்றி, புரோமினையும் ஹைட்ராக்சிலையும் எதிரெதிராக நிறுத்திப் பார்த்தால் மேலே சொன்ன சோதனை முழுவதும் ஒரு வகுப்பு நேரத்துக்குள் விளங்கிவிடும்.

இன்னொரு ஆட்சேபம் நுட்பமானது. அண்டைத் தொகுதி பங்கேற்றால் வேகம் பன்மடங்கு கூடும் என்கிறோம். கூடுதல் தெரியாத வினைகளில் அதை எப்படி நிறுவுவது? இந்தக் கேள்வியை மறைக்காமல் வகுப்பில் எழுப்பவேண்டும், ஏனென்றால் இங்கேதான் மாணவர்கள் மட்டுமின்றிப் புத்தகங்களும் சறுக்குகின்றன. 2-அசிட்டாக்சிசைக்ளோஹெக்சைல் டோசிலேட்டை அசெட்டிக் அமிலத்தில் வினைப்படுத்தினால் டிரான்ஸ் வடிவம் சிஸ் வடிவத்தைவிடச் சுமார் 670 மடங்கு வேகமாகச் செல்கிறது. டிரான்ஸ் வடிவில் அசிட்டேட்டின் கார்பனைல் ஆக்சிஜன், வெளியேறும் டோசிலேட்டுக்குப் பின்புறம் எட்டமுடியும். சிஸ் வடிவில் முடியாது. ஆனால் அசிட்டாக்சி இல்லாத வெறும் சைக்ளோஹெக்சைல் டோசிலேட்டோடு ஒப்பிட்டால் டிரான்ஸ் வடிவம் சற்று மெதுவாகவே செல்கிறது. அசிட்டாக்சித் தொகுதி எலக்ட்ரான்களைத் தன்பக்கம் இழுத்து நேர்மின்னேற்றம் உருவாவதைத் தடுக்கிறது. பங்கேற்பால் கிடைக்கும் ஆதாயத்தை அந்தத் தடை முழுவதுமாக விழுங்கிவிடுகிறது. ஆகவே வேகம் கூடியது என்று சொல்லும்போது எதோடு ஒப்பிட்டுக் கூடியது என்று கேட்காமல் விடக்கூடாது. ஒப்பீட்டை மாற்றினால் முடிவும் மாறும். ஆனால் விளைபொருளைப் பாருங்கள்: டிரான்ஸிலிருந்து டிரான்ஸ் டைஅசிட்டேட்டே வருகிறது; ஒளிசுழற்றும் பொருளிலிருந்து ஒளிசுழற்றாத பொருள் வருகிறது. புரோமோனியத்தில் கண்ட அதே சமச்சீர்த் தளம் இங்கே ஐந்துறுப்பு வளைய அசிட்டாக்சோனியம் அயனியில் இருக்கிறது. வேகம் தடுமாறும் இடத்தில் புறவெளி அமைப்பு உறுதியாகப் பேசுகிறது. சாட்சிகளைச் சேர்த்து எடைபோடும் பழக்கத்தை இதைவிட நன்றாகக் கற்பிக்கும் எடுத்துக்காட்டு எது?

அதே அயனி இன்னொரு செய்தியும் சொல்கிறது. ஈரமற்ற அசெட்டிக் அமிலத்தில் வெளி அசிட்டேட் வளையத்தின் கார்பனைப் பின்புறமாகத் தாக்கி டிரான்ஸ் விளைபொருளைத் தருகிறது. சிறிது நீர் சேர்ந்துவிட்டால் நீர் தாக்குவது வேறிடம்: இரண்டு ஆக்சிஜன்களுக்கும் நடுவிலிருக்கும் கார்பனை. அப்போது வளையத்தின் கார்பன்–ஆக்சிஜன் பிணைப்புகள் இரண்டும் அப்படியே நிலைத்து, சிஸ் மோனோஅசிட்டேட் வருகிறது. வின்ஸ்டைனும் பக்கிள்ஸும் 1940களின் தொடக்கத்தில் கண்ட இந்த வேறுபாட்டின் மேல்தான் பிரெவோ வினையும் வுட்வர்ட் வினையும் நிற்கின்றன. ஒரே ஆல்கீனிலிருந்து, நீரைத் தவிர்த்தால் டிரான்ஸ் டைஆல், நீரைச் சேர்த்தால் சிஸ் டைஆல். இவ்விரண்டு வினைகளையும் மாணவர்கள் பெயர்வினைகளின் பட்டியலில் தனித்தனியே நெட்டுருப் போடுகிறார்கள். ஓர் அயனியின் வடிவத்தை அறிந்தவருக்கு நெட்டுருப் போட எதுவுமே இல்லை.

இது பழைய சண்டை, இன்று யாருக்கும் தேவையில்லை என்பது மூன்றாவது ஆட்சேபம். நார்போர்னைல் அயனியைக் கருதியே இதைச் சொல்கிறார்கள். 1949இல் வின்ஸ்டைனும் டிரைஃபனும் எக்ஸோ நார்போர்னைல் புரோசிலேட் எண்டோவைவிட 350 மடங்கு வேகமாக வினைபுரிவதைக் காட்டி, ஒரு கார்பன்–கார்பன் ஒற்றைப் பிணைப்பே அண்டைத் தொகுதியாகப் பங்கேற்கிறது என்றார்கள். ஹெர்பர்ட் பிரவுன் அதை ஏற்கவில்லை. எக்ஸோ விரைவாகச் செல்லவில்லை, எண்டோதான் இடநெருக்கடியால் மந்தமாகிறது; நடுவிலிருப்பது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு விரைந்து மாறும் இரண்டு சாதாரண அயனிகள் என்பது அவர் வாதம். மேலே நாம் பார்த்த ஒப்பீட்டுச் சிக்கல்தான் இங்கேயும். ஜார்ஜ் ஓலா மீஅமிலங்களில் அந்த அயனியை நிலைநிறுத்தி நிறமாலை எடுத்தார். இறுதியாக 2013இல் ஷ்லேயரும் உடனிருந்த ஒரு ஜெர்மானியக் குழு அதன் படிகத்தை 40 கெல்வினுக்குக் குளிர்வித்து எக்ஸ்கதிர் அமைப்பை வெளியிட்டது. பாலமிட்ட வடிவம்தான் சரி என்று தெளிவானது. ஆனால் பிரவுன் தோற்றார் என்று இதைச் சொல்லி முடிப்பது தவறு. டொனால்ட் கிராம் 1949இல் முன்வைத்த ஃபீனோனியம் அயனியையும் பிரவுன் இதேபோல் எதிர்த்தார். அந்த எதிர்ப்புதான் நேரடி வழி, பங்கேற்பு வழி என்ற இரண்டும் ஒரே கலத்தில் பக்கம் பக்கமாக நடப்பதை அளந்து பிரிக்கும் முறைக்கு வழிவகுத்தது. 1970இல் பிரவுனும் எதிர்த்தரப்பிலிருந்த ஷ்லேயரும் சேர்ந்தே ஓர் ஆய்வுக்கட்டுரை எழுதினார்கள். எதிராளியின் வாதத்துக்கு விடை சொல்ல வேண்டியிருந்ததால்தான் சான்று வலுப்பெற்றது. அறிவியலில் கருத்து வேறுபாடு எப்படித் தீர்கிறது என்பதற்கு இது முழுமையான ஆவணம். மாணவருக்கு இது தேவையில்லை என்று என்னால் ஏற்கமுடியவில்லை.

எச்சரிக்கை ஒன்றையும் சேர்த்தே சொல்லவேண்டும். பக்கத்தில் ஒரு தொகுதி இருக்கிறது, வேகம் கூடியிருக்கிறது என்றவுடன் அதைக் கருக்கவர் பங்கேற்பு என்று எழுதிவிடும் அவசரமும் தீங்கானது. ஆஸ்பிரினை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய மாத்திரைப் புட்டியைத் திறந்தால் வினிகர் வாடை வரும்; ஈரம் பட்டு அசிட்டைல் தொகுதி நீராற்பகுப்படைந்து அசெட்டிக் அமிலமாகியிருக்கிறது. இதற்கு அருகிலுள்ள கார்பாக்சிலேட் தொகுதி உதவுகிறது என்பதில் ஐயமில்லை. அது நேரடியாக எஸ்டரைத் தாக்குகிறது என்றே முன்பு கருதப்பட்டது. 1967இல் ஃபெர்ஷ்டும் கிர்பியும் செய்த ஆய்வுகள், அது நீர் மூலக்கூறிலிருந்து புரோட்டானை வாங்கிக்கொண்டு நீரைத் தாக்கவைக்கும் பொதுக்கார வினையூக்கியாக நிற்கிறது என்று காட்டின. உதவி உண்டு, தாக்குதல் இல்லை. வேகத்தை மட்டும் பார்த்தவருக்கு இந்த வேறுபாடு தெரியாது. சான்றைக் கேட்டுப் பழகிய மாணவர் இதையும் கேட்பார்.

பயன்பாட்டைப் பற்றி நீண்ட விளக்கம் தேவையில்லை, ஆனாலும் ஒன்றிரண்டைச் சொல்லாமல் விடமுடியாது. கடுகு வாயுவின் கந்தகத்துக்குப் பதில் நைட்ரஜனை வைத்த சேர்மங்களை 1942இல் யேல் பல்கலைக்கழகத்தில் குட்மனும் கில்மனும் நிணநீர்ப் புற்றுநோய்க்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நவீன வேதிமருத்துவம் அங்கிருந்து தொடங்கியது. அங்கே உருவாகும் மூன்றுறுப்பு அசிரிடினியம் வளையம் டிஎன்ஏவின் குவானினைப் பற்றிக்கொள்கிறது. முதல் மருந்தில் நைட்ரஜன் மிகத் துடிப்பாக இருந்ததால் அதைப் புதிதாகக் கரைத்து உடனே சிரையில் செலுத்தவேண்டியிருந்தது. நைட்ரஜனை ஒரு பென்சீன் வளையத்தோடு இணைத்து அதன் எலக்ட்ரான் இணையைச் சற்றே கட்டிப்போட்டவுடன் மெல்ஃபலான், குளோராம்புசில் போன்ற, மாத்திரையாக விழுங்கக்கூடிய மருந்துகள் கிடைத்தன. சைக்ளோபாஸ்பமைடில் அந்த இணையைப் பாஸ்பரஸ் தொகுதி அடக்கிவைத்திருக்கிறது. கல்லீரல் நொதிகள் தொடங்கிவைக்கும் மாற்றங்களுக்குப் பிறகே அது செயல்படத் தொடங்குகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அது இன்றும் இருக்கிறது. அண்டைத் தொகுதியின் பங்கேற்பை எவ்வளவு கூட்டுவது, எவ்வளவு குறைப்பது என்ற கணக்குத்தான் இந்த மருந்துகளின் வடிவமைப்பு. இதேபோல் ஆர்என்ஏ காரத்தில் உடைவதும் டிஎன்ஏ உடையாததும் பக்கத்திலிருக்கும் ஒரே ஒரு ஹைட்ராக்சிலால். அது பாஸ்பேட்டைத் தாக்குகிறது. தாக்கப்படுவது பாஸ்பரஸ் என்பதைத் தவிர்த்தால் கதை அதேதான். கோவிட் பெருந்தொற்றின்போது எம்ஆர்என்ஏ தடுப்பூசிகளுக்குக் கடுங்குளிர் ஏன் தேவைப்பட்டது என்று கேட்கும் மாணவரிடம் சொல்வதற்கு நம்மிடம் இருக்கும் காரணங்களுள் இதுவும் ஒன்று.

எல்லாவற்றுக்கும் மேலாக வரும் ஆட்சேபம் தேர்வு. நெட், கேட், ஜாம் போன்ற தேர்வுகளில் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள் நிறைய வருகின்றன. விதியை மனப்பாடம் செய்தவர் வென்றுவிடுகிறார், சான்றை ஆராய்ந்துகொண்டிருக்க நேரம் எங்கே என்கிறீர்கள். அந்தத் தேர்வுகளை எழுதும் மாணவரின் நெருக்கடியைக் குறைத்து மதிப்பிட எனக்கு உரிமையில்லை. ஆனால் அந்தத் தேர்வுகளிலேயே இப்பகுதியில் மாணவர்கள் இடறுவது விதி தெரியாததால் அன்று; அறிந்த விதி எந்த மூலக்கூறுக்குப் பொருந்தும் என்று பார்க்கத் தெரியாததால். டிரான்ஸ் என்றால் பங்கேற்பு, சிஸ் என்றால் இல்லை என்று மனப்பாடம் செய்தவர், வளையம் இல்லாத சங்கிலி மூலக்கூறைக் கண்டதும் நின்றுவிடுகிறார். பின்புறம் எட்டுமா எட்டாதா என்று மாதிரியைக் கையில் வைத்துப் பார்த்துப் பழகியவர் நிற்பதில்லை. நம் பல்கலைக்கழகங்களின் பருவத் தேர்வு வினாத்தாள்கள் வெளியாரால் திணிக்கப்படுபவை அல்ல என்பதையும் நினைவூட்ட விரும்புகிறேன். அவற்றை எழுதுபவர்கள் நீங்கள். 'அண்டைத் தொகுதிப் பங்கேற்பு என்றால் என்ன? இரண்டு எடுத்துக்காட்டுத் தருக' என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இருப்பதுபோலவே வேறு விதமாகக் கேட்கும் உரிமையும் உங்களுக்கே இருக்கிறது.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். அடுத்த கல்வியாண்டில் எஸ்என்-2 பாடம் முடிந்த மறுநாள், விடையைச் சொல்லாமல், வின்ஸ்டைன், லூகாஸ் கண்ட முடிவுகளைக் கரும்பலகையில் எழுதுங்கள். கடுகு வாயுவின் வேகத் தரவுகளைப் பக்கத்தில் எழுதுங்கள். தமிழ்வழியில் படித்து வந்த மாணவர் தமிழிலேயே வாதிடட்டும். வளைஅம்புக்கு மொழி தடையில்லை. மாதிரிப் பெட்டியை மேசைமேல் வையுங்கள். அடுத்த பருவத் தேர்வின் வினாத்தாளில், ஒரு வினையின் விளைபொருள்களையும் வேகத்தையும் கொடுத்து, இவற்றிலிருந்து எந்த வழிமுறையை விலக்கலாம், எதை ஏற்கலாம், ஏன் என்று கேட்கும் ஒரு கேள்வியையாவது சேருங்கள்.

அன்புடன்,
உங்கள் துறையைச் சேர்ந்த ஒருவர்